கூரையைத் திறந்து வைத்த கடைவீடுகள்

லூமுட் படகுத்துறைப் பக்கத்துப் பழைய கடைவீடுகளைப் பங்கோர் தீவுக்குப் போகும் அவசரத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை. சின்ன வீட்டில் குடியிருந்துகொண்டே தொழில் செய்ய நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை அவைதான்.

நம்பிக்கை: அகலம் குறைந்த வீடு என்றாலே இருட்டும் புழுக்கமும்தான்.

உண்மை: பழைய கடைவீட்டின் அகலம் பெரும்பாலும் 16 முதல் 20 அடி. இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே தூண் இல்லாமல் மர உத்திரம் தாங்கக்கூடிய நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். உள்ளே நீளமோ 100 அடியைத் தாண்டும். சுவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒட்டியவை. அவற்றில் சன்னல் வைக்க வழியில்லை. அதனால் நடுவில் கூரையைத் திறந்து முற்றம் விட்டார்கள். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போகும். வாசல் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். மழைநீர் தாழ்ந்த தரையில் விழுந்து வடிகாலில் ஓடிவிடும். செட்டிநாட்டு வீடு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இன்று தெரஸ் வீடுகளில் நடப்பது நேரெதிர். பின்புறத் திறந்த இடத்தையும் கூரை போட்டுச் சமையலறையாக்கிவிட்டு, இருண்டுபோன நடு அறையில் பகலிலேயே விளக்கும் ஏர்கோனும் போட்டு உட்காருகிறோம். கொஞ்ச இடமாவது வானத்துக்கு விடுங்கள். மேசையை அதன் ஓரமாகப் போடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். வீட்டை விரிவாக்குவதில் நாம் செய்யும் பெரிய தவறு திறந்த இடத்தை இப்படி மூடுவதுதான் என்பேன்.

நம்பிக்கை: வேலைக்குத் தனி அறை இல்லாமல் முடியாது.

உண்மை: பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். நீண்ட ஒரே கூடம். வரிசையாகப் பல முகவர்கள். ஆளுக்கொரு பாய், ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. பகலில் கடன் கொடுத்து வாங்கிய அதே இடத்தில்தான் இரவில் படுத்தார்கள். சமையல் எல்லாருக்கும் பொது. அங்கே வேலையை வீட்டிலிருந்து பிரித்தது பூட்டி வைக்கும் அந்தப் பெட்டி. உங்களுக்கும் கதவுள்ள ஓர் அலமாரி போதும்: மாலையில் கணினியும் கோப்புகளும் உள்ளே போய்விட்டால் கூடம் பிள்ளைகளுக்கு.

நம்பிக்கை: என் கடை, என் அஞ்சடி, என் வீடு, என் தொழில்.

உண்மை: அஞ்சடி என்பது கடைமுன் கூரையின் கீழ் மக்கள் நடந்துபோகும் பாதை. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே தெருவோரம் கூரையிட்ட, தடையில்லாத நடைபாதை வேண்டும் என்று இருந்தது. லூமுட் அடங்கிய டிண்டிங்ஸ் வட்டாரமும் 1935 வரை சிங்கப்பூர், பினாங்கோடு பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களில் சேர்ந்திருந்ததுதான். அஞ்சடிக்கு விதி இருப்பது போலவே, குடியிருப்பு நிலத்துக்கும் பட்டாவில் நிபந்தனை உண்டு. வாடிக்கையாளர் வந்துபோகும் தொழில் என்றால், மேசை வாங்கும் முன்பே மஞ்சோங் நகராண்மைக் கழகத்தில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள்.