கல்லாப்பெட்டிக்குப் புதிய பூட்டு

முன்னுரை

வணிகம் தோன்றிய நாள் முதலே வணிகரைத் தொடர்ந்து வரும் கவலை ஒன்று உண்டு. அதுவே கள்வர் பயம். இதனால்தான் கடைக்கு இரும்புக் கதவும், கதவுக்குத் திண்டுக்கல் பூட்டும், கல்லாப்பெட்டிக்குச் சாவியும் ஏற்பட்டன. ஆனால் இன்று கடையின் பணம் முழுவதும் கல்லாப்பெட்டியில் இருப்பதில்லை. 2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை நம் நாட்டில் தொடங்கியது. அதன் பின் பூக்கடை, காய்கறிக் கடை, தேநீர்க் கடை எங்கும் க்யூ.ஆர். அட்டை தொங்கக் காண்கிறோம். பேரேடு கணினிக்குள் சென்றுவிட்டது. சரக்குக் கேட்டு வரும் செய்திகள் கைப்பேசியில் வருகின்றன. ஆகவே கள்வனும் நள்ளிரவில் ஓடு பிரித்து இறங்க வேண்டியதில்லை. பட்டப்பகலில், கைப்பேசி வழியாக, இனிய குரலில் பேசிக்கொண்டே வருகிறான்.

நம்மில் பலருடைய இல்லங்கள் சிறு தொழிலால் வாழ்பவை. தந்தையாரின் மளிகைக் கடை, தாயாரின் தையல் வேலை, அண்ணனின் அச்சகம் ஆகியவற்றிலிருந்தே வீட்டு வாடகையும் நம் பள்ளிக் கட்டணமும் வருகின்றன. பெரிய நிறுவனம் ஓர் இலட்சம் ரூபாயை இழந்தால் அதனை நட்டக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டுத் தொழிலைத் தொடரும். சிறு கடை அதே தொகையை இழந்தால் அடுத்த வாரம் சரக்கு எடுக்க முதல் இராது. எனவே இணையக் கள்வரிடமிருந்து சிறு தொழிலைக் காப்பது எப்படி என்பதை அறிந்துகொள்வது நமக்கு மிகவும் அவசியமாகும்.

சிறியவரையும் விடுவதில்லை

"நம் கடையில் என்ன இருக்கிறது? நம்மை யார் தேடி வரப்போகிறார்கள்?" என்று சிறு வணிகர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் ஆபத்தானது. தூண்டில் போடுபவன் ஒரு மீனுக்காகக் காத்திருப்பான். வலை வீசுபவன் அகப்பட்டதை எல்லாம் அள்ளுவான். இணையக் கள்வன் வலை வீசுபவன். ஒரே பொய்ச் செய்தியை ஆயிரக்கணக்கான எண்களுக்கு அனுப்ப அவனுக்குச் சில நிமிடங்கள் போதும்.

மேலும், சிறியவரின் கதவு பெரியவரின் வீட்டுக்கும் வழியாகலாம். 2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் என்னும் பேரங்காடி நிறுவனத்திலிருந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடு போயின. அந்நிறுவனத்துக்குக் குளிர்சாதன வேலைகள் செய்து வந்த ஒரு சிறு நிறுவனத்தின் நுழைவுச் சொல்லைத் திருடித்தான் கள்வர் உள்ளே புகுந்தனர்.

இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டு தொடங்கிய 'நைட்ஸ் ஆஃப் ஓல்டு' என்னும் சரக்கு லாரி நிறுவனத்தின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 2023 ஜூன் மாதம் கள்வர் அதன் கணினிகளைப் பூட்டிவிட்டனர். எளிதில் ஊகிக்கத்தக்க ஒரு கடவுச்சொல்லே அவர்களுக்கு வழி திறந்தது எனக் கருதப்படுகிறது. கணக்குகள் எட்டாமற் போயின. 158 ஆண்டு நிலைத்த தொழில் அவ்வாண்டு செப்டம்பரில் முடங்கியது. அதன் குழுமத்தில் சுமார் 700 பேர் வேலை இழந்தனர்.

கள்வர் போடும் வேடங்கள்

முதலாவது, வாடிக்கையாளர் வேடம். மாலையில் கூட்டம் நெரியும் நேரத்தில் ஒருவர் சரக்கு வாங்குகிறார். 'பணம் செலுத்தப்பட்டது' எனக் கைப்பேசித் திரையைக் காட்டிவிட்டுப் போகிறார். அது போலிச் செயலி காட்டிய பொய்த் திரை. வேறொருவர் கடையின் க்யூ.ஆர். அட்டை மீது தம்முடையதை ஒட்டிவிடுகிறார்; வருகிறவர்கள் செலுத்தும் பணமெல்லாம் அவருக்குப் போகிறது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோ நகரில் பல கடைகளில் இவ்வாறு அட்டைகள் மாற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. இன்னொருவர் தம்மை இராணுவ அதிகாரி என்று கூறி, முகாமுக்கு மொத்தமாகச் சரக்கு வேண்டும் என்கிறார். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு குறியீட்டை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வரும்" என்கிறார். எண்ணைப் போட்டதும் பணம் வருவதற்குப் பதிலாகப் போய்விடுகிறது.

மாணவியரே, இதனை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: யு.பி.ஐ. முறையில் பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய எண் தேவை. பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை.

இரண்டாவது, சரக்கு தருபவர் வேடம். நாம் வழக்கமாகக் கொள்முதல் செய்யும் மொத்த வியாபாரியின் பெயரில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கில் செலுத்தவும்" என்று கடிதம் வருகிறது. பெயரும் முத்திரையும் சரியாகவே இருக்கும். மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கும். சில சமயம் வியாபாரியின் மின்னஞ்சலையே கள்வர் கைப்பற்றியிருப்பதால் அந்த வேறுபாடும் இராது.

மூன்றாவது, அதிகாரி வேடம். வங்கி, மின்வாரியம், வரி அலுவலகம் என்று பெயர் சொல்லி, "இன்று இரவுக்குள் இதைச் செய்யாவிட்டால் இணைப்புத் துண்டிக்கப்படும், கணக்கு முடக்கப்படும்" என்று அச்சுறுத்துவார்கள். பிறகு ஒரு கோப்பை அனுப்பி நிறுவச் சொல்வார்கள். 'ஏ.பி.கே.' என்று முடியும் அத்தகைய கோப்பை நிறுவினால், நம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்களைக் கள்வரும் படிக்க நேரும்.

நான்காவது, வேடமின்றியே நுழையும் நச்சு நிரல். இது கணினியில் உள்ள கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' என்னும் நிரல், சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பலவும் இதற்கு இரையாயின. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை உடனே ஏற்றிக்கொண்ட கணினிகளில் அந்த வழி அடைபட்டிருந்தது.

முதல் மூன்று வேடங்களுக்கும் பொதுவான ஆயுதங்கள் மூன்று. அவை அவசரம், அச்சம், ஆசை என்பன. இம்மூன்றில் ஒன்றைத் தூண்டி, நம்மைச் சிந்திக்க விடாமல் செய்வதே கள்வனின் திறமை. ஆகவே நம் காவலும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

காவல் முறைகள் ஐந்து

1. வேறு வழியில் விசாரித்தல். பணம் தொடர்பான எந்தச் செய்தியையும், அது வந்த வழியிலேயே சோதித்தல் ஆகாது. கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், அக்கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்கக் கூடாது. நம் பழைய குறிப்பேட்டில் உள்ள எண்ணை அழைத்து வியாபாரியின் குரலிலேயே கேட்க வேண்டும். வங்கி என்று சொன்னால், பேச்சை முடித்துவிட்டு வங்கிப் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணை நாமே அழைக்க வேண்டும். வங்கிகள் தங்கள் இணைய முகவரிகளை 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' என முடியுமாறு மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. ஆகவே முகவரியின் முடிவைக் கவனிப்பதும் பயன் தரும். காவல் முறைகளுள் இதுவே தலையாயது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

2. பணம் வந்ததை நம் பக்கத்தில் காணுதல். வாங்குபவரின் திரையை நம்பாமல், நம் ஒலிப்பெட்டி அறிவித்ததா, நம் செயலியில் வரவு காட்டுகிறதா எனப் பார்த்த பின்பே சரக்கைக் கொடுக்க வேண்டும். காலையில் கடை திறந்ததும், க்யூ.ஆர். அட்டையை நாமே ஸ்கேன் செய்து, நம் கடைப் பெயர் வருகிறதா எனப் பார்ப்பது நல்ல பழக்கம். வாசல் தெளிப்பது போல அதுவும் அன்றாட வேலையாகட்டும். கடை வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, சேர்ந்த தொகையை அவ்வப்போது வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால், ஏமாற நேர்ந்தாலும் இழப்பு சிறிதாகும்.

3. நல்ல சாவி. கடைப் பெயர், பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவை கடவுச்சொல்லுக்கு ஏற்றவை அல்ல. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவில் வைக்க எளிது, ஊகிக்கக் கடினம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2017இல் வெளியிட்ட நெறிகளும் கடவுச்சொல்லின் நீளத்தையே வலியுறுத்தின. மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு வேறொன்று எனத் தனித்தனியே வைக்க வேண்டும். கடவுச்சொல்லுடன் ஓ.டி.பி.யும் கேட்கும் இரட்டைப் பூட்டு வசதியைப் பயன்படுத்த வேண்டும். வேலைக்கு இருப்பவருக்குத் தம் வேலைக்கு வேண்டிய அளவே அனுமதி போதும்; அவர் விலகும் நாளில் அந்த அனுமதியையும் நீக்கிவிட வேண்டும். இது சந்தேகம் ஆகாது. சாவிக்கொத்தைத் திரும்பப் பெறுவது போன்ற முறைமையே.

4. ஓட்டை அடைத்தல். கணினியும் கைப்பேசியும் 'புதுப்பிக்கவும்' என்று கேட்கும்போது நாளை, நாளை எனத் தள்ளலாகாது. வான்னாக்ரை கற்பித்த பாடம் இதுவே. திருட்டு மென்பொருளைப் பணம் மிச்சம் என்று ஏற்றுவதும் ஆபத்து.

5. படி எடுத்தல். முற்காலக் கணக்குப்பிள்ளைகள் நாட்குறிப்பையும் பேரேட்டையும் தனித்தனியே வைத்தனர்; ஒன்று கெட்டாலும் மற்றொன்று பேசும். கணினிக் கணக்குக்கும் இதுவே விதி. மொத்தம் 3 படிகள் இருத்தல் வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் 1 கடைக்கு வெளியே இருத்தல் வேண்டும். படி எடுத்த பின் அந்தச் சாதனத்தைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இணைந்தே இருந்தால் நச்சு நிரல் அதனையும் பூட்டிவிடும். மாதம் ஒரு முறை அதனைத் திறந்து, கணக்குகள் சரியாக இருக்கின்றனவா எனப் பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத படி, ஆழம் பார்க்காத கிணறு. நல்ல படி கையில் இருந்தால், இழந்த கணக்குக்காகக் கள்வனிடம் மன்றாட வேண்டியதில்லை.

ஏமாந்துவிட்டால்

இத்தனை காவலையும் மீறி ஒரு நாள் ஏமாற நேரலாம். அப்போது முதற்சில நிமிடங்களே மிக முக்கியமானவை. திருடிய பணத்தைக் கள்வர் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைவாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அது எடுக்கப்படுமுன் வங்கி அறிந்தால் நிறுத்தி வைக்க இயலும். ஆகவே உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நம் வங்கிக்கும் அறிவித்து, தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். செய்திகள், எண்கள், பரிமாற்றச் சீட்டுகள் எதையும் அழிக்கலாகாது, அவையே சாட்சிகள்.

வங்கியிலோ நம்மிடமோ குறையின்றி வெளியார் செய்த மோசடியாயின், 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்கு அறிவித்த வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது. ரகசிய எண்ணை நாமே சொல்லிவிட்டாலோ, அறிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு நம்மைச் சார்ந்தது என்றும் அது கூறியது. எவ்வகையில் பார்த்தாலும் விரைந்து அறிவிப்பதே நன்மை. கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் செலுத்துங்கள்" என்று வருபவரிடமும் எச்சரிக்கை தேவை. அவர் இரண்டாம் கள்வராக இருக்கக்கூடும்.

நம் கடமை

ஏமாந்தவர் பெரும்பாலும் அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். "வீட்டில் திட்டுவார்களே, ஊர் சிரிக்குமே" என்று மறைக்கிறார். மறைத்த அந்நேரமே கள்வனுக்கு இலாபம். அன்பு மாணவியரே, பல இல்லங்களில் கைப்பேசியின் நுட்பம் அறிந்தவர்கள் நீங்களே. தந்தையாரோ தாயாரோ தயங்கி வந்து, "அம்மா, இப்படி ஒன்று ஆகிவிட்டது" என்று சொன்னால், "இது கூடத் தெரியாதா?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர்கள் கையைப் பற்றிக்கொண்டு முதலில் 1930ஐ அழையுங்கள். மற்றவை பிறகு பேசலாம். அன்று ஏளனம் செய்தால், அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார்கள்.

முடிவுரை

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுக் கடையிலோ, பக்கத்துக் கடையிலோ மூன்று வேலைகளைச் செய்து பாருங்கள். க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து பெயரைச் சரிபாருங்கள். கணக்குகளுக்கு ஒரு படி எடுத்துக் கழற்றி வையுங்கள். 1930 என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டுங்கள். உழைத்துச் சேர்த்த பொருளைக் காப்பதும் உழைப்பின் ஒரு பகுதியே. பெற்றோரின் உழைப்புக்கு நம் கல்வி காவலாக நிற்குமாயின், கற்றதன் பயனை நாம் அடைந்தவர்கள் ஆவோம்.