செம்ஸ்ஃபோர்டு அலைபரப்பித் தொழிற்சாலை

வானொலிப் பெட்டியை அறியாதார் இல்லை. குமிழைத் திருகியதும் எங்கிருந்தோ ஒரு குரல் நம் வீட்டுக்குள் வந்து பேசுகிறது. ஆனால் அக்குரலை அலையாக்கி அனுப்பும் மறுமுனைக் கருவியைக் கண்டவர் நம்மில் மிகச் சிலரே. ஊருக்கு வெளியே, வேலியிட்ட நிலத்தில், உயர்ந்த கோபுரத்தின் அடியில் ஓர் அறைக்குள் அது அமர்ந்திருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் என்று வழங்கும் அக்கருவியை அலைபரப்பி எனலாம். அதனைத் தொழிலாகச் செய்து பல நாடுகளுக்கும் விற்ற மார்க்கோனி கம்பெனியின் வரலாறு இயற்பியல் மாணவர்க்கு மட்டுமன்றிப் பொருளாதாரம் பயில்வோர்க்கும் உரியது. பிறர் குறையென்று சுட்டிக்காட்ட, கம்பெனி இல்லையென்று மறுத்த ஒன்றே பின்னாளில் அதன் பெருமைக்குக் காரணமாயிற்று என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதியாகும்.

மின்காந்த அலைகள் உண்டு என்று கணக்கால் கூறியவர் மாக்ஸ்வெல். சோதனையால் காட்டியவர் ஹெர்ட்ஸ். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அவ்வலைகளைக் கொண்டு எட்ட இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். போஸுக்கு வணிகத்தில் நாட்டம் இல்லை. இத்தாலியில் 1874-இல் பிறந்த குக்லியெல்மோ மார்க்கோனிக்கு அந்நாட்டம் நிறைய இருந்தது. அவருடைய தாயார் அயர்லாந்துக்காரர். அவ்வழி உறவினரின் துணையோடு 1896-இல் லண்டன் வந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897 ஜூலையில் கம்பெனி தோன்றியது. அடுத்த ஆண்டே லண்டனுக்கு வடகிழக்கிலுள்ள செம்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில், ஹால் தெருவில் இருந்த பழைய பட்டு ஆலை ஒன்றில், கம்பியில்லாத் தந்திக் கருவிகள் செய்யும் பட்டறை தொடங்கப்பட்டது.

அந்நாளைய அலைபரப்பி தீப்பொறியால் இயங்கியது. உயர்ந்த மின்னழுத்தத்தில் இரு உலோக உருண்டைகளுக்கிடையே பொறி பாயும்; பாயுந்தோறும் அலைகள் எழுந்து அடங்கும். தவிலில் விழும் அடிபோன்றது அது. அடிகளைக் கொண்டு மோர்ஸ் குறியீட்டின் புள்ளியையும் கோட்டையும் அனுப்பலாம். குரலைச் செம்மையாக அனுப்ப இயலாது. எனவே கம்பெனி தந்தியையே நம்பிப் பிழைத்தது. 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய எஸ் என்னும் எழுத்தின் மூன்று புள்ளிகளை அட்லாண்டிக் கடலுக்கப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார்.

கப்பல்களே அதன் முதன்மையான வாடிக்கையாளர். கருவியைக் கம்பெனி விற்பதில்லை. இயக்கும் ஆளோடு சேர்த்து வாடகைக்குத் தரும். வேறு கம்பெனியாரின் கருவியோடு பேசக்கூடாது என்றும் தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டிருந்தது. நடுக்கடலில் இது கொடுமையான வழக்கம் என்றே நான் கருதுகிறேன். 1906-இல் பெர்லினில் கூடிய பன்னாட்டு மாநாடு இப்போக்குக்கு எதிராக விதி செய்தது. 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது உதவி கேட்டுத் தந்தியடித்த ஜாக் பிலிப்ஸ், ஹரால்டு பிரைடு இருவரும் மார்க்கோனி கம்பெனியின் ஊழியரே. ஏறத்தாழ 700 பேர் கார்பாத்தியா கப்பலால் காப்பாற்றப்பட்டனர். பிலிப்ஸ் பிழைக்கவில்லை. அதே ஆண்டில் செம்ஸ்ஃபோர்டின் நியூ தெருவில் புதிய தொழிற்சாலை எழுந்தது. அதனைப் பதினேழே வாரங்களில் கட்டி முடித்தனர்.

இனி, மேலே சொன்ன குறைக்கு வருவோம். கம்பியில் செல்லும் தந்தி உரியவரைத்தான் சேரும். அலையோ நாற்புறமும் பரவும். ஏற்கும் கருவி உடைய எவரும் அதனைக் கேட்கலாம். எங்கள் கருவியில் செய்தி மறைவாகவே செல்லும் என்று கம்பெனி சொல்லி வந்தது. 1903 ஜூனில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கம்பெனியின் ஆலோசகரான ஆம்புரோஸ் ஃப்ளெமிங் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தியை அவையோர்க்குக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னரே கருவி தானாகத் தட்டத் தொடங்கி, ‘எலிகள், எலிகள்’ என்று எழுதிற்று. தொடர்ந்து மார்க்கோனியைக் கேலி செய்யும் பாட்டும் வந்தது. நெவில் மாஸ்கலின் என்னும் மந்திரவாதி அருகிலிருந்து செய்த வேலை அது! ஃப்ளெமிங் சினந்து செய்தித்தாளுக்கு எழுதினார். மாஸ்கலினோ, மறைவு இல்லை என்பதை மெய்ப்பிக்கவே அவ்வாறு செய்ததாகத் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

அதே ஃப்ளெமிங் 1904-இல் ஆக்கிய வால்வுதான் குரலுக்கு வழி திறந்தது. அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். அதன் பயனாக அறுபடாத, சீரான அலையை உண்டாக்க முடிந்தது. தவிலை விட்டுச் சுருதிப்பெட்டிக்கு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இடையறாது ஒலிக்கும் சுருதிபோல் இருப்பது ஊர்தி அலை. பேசுவோரின் குரலுக்கேற்ப அதன் வீச்சைக் கூட்டிக் குறைப்பதே பண்பேற்றம். நம் பாடநூலில் இரண்டு பக்கத்தில் முடியும் இச்செய்தியை நடைமுறைக்குக் கொண்டுவரப் பொறியாளர்க்குப் பல ஆண்டுகள் ஆயின.

1920 ஜூன் 15 அன்று ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா செம்ஸ்ஃபோர்டுக்கு வந்து, 15 கிலோவாட் அலைபரப்பியின் முன் பாடினார். ஐரோப்பாவின் பல இடங்களில் அப்பாட்டைக் கேட்டனர். வானுயர்ந்த கோபுரத்தைக் காட்டி, ‘இதன் உச்சியிலிருந்து உங்கள் குரல் செல்லும்’ என்று பொறியாளர் சொல்ல, தம்மை அங்கே ஏறச் சொல்வதாக எண்ணி அம்மையார் மறுத்துவிட்டாராம். கதையாகவும் இருக்கலாம். அன்று எல்லோரும் கேட்க முடிந்ததே வெற்றியாயிற்று. ஆயினும் அரசுக்கு அது பிடிக்கவில்லை. அலுவல் செய்திகளுக்கு இடையூறு என்று அவ்வாண்டின் இறுதியில் அஞ்சல் துறை இத்தகைய ஒலிபரப்புகளைத் தடுத்துவிட்டது.

தாமே கருவி செய்து கேட்டுவந்த ஆர்வலர்கள் ஒன்றுகூடி முறையிட்ட பின்னரே கதவு திறந்தது. 1922 பிப்ரவரி 14 அன்று, செம்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ரிட்டில் சிற்றூரில், ஒரு மரக்குடிசையிலிருந்து வாரந்தோறும் ஒலிபரப்பு தொடங்கிற்று. பீட்டர் எக்கர்ஸ்லி என்னும் பொறியாளரே பேச்சாளர், பாடகர், நடிகர் எல்லாம். ஏழு நிமிடம் பேசினால் மூன்று நிமிடம் நிறுத்தி, ‘நிறுத்து’ என்று அரசாணை வருகிறதா எனக் காது கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை! கேட்க நிகழ்ச்சி இருந்தால்தானே பெட்டி விற்கும்? ஆகவே அவ்வாண்டு அக்டோபரில் மார்க்கோனி உள்ளிட்ட உற்பத்தியாளர்கள் கூடிப் பி.பி.சி.யை நிறுவினர்.

சிற்றலைகளை ஒரே திசையில் குவித்து அனுப்பும் முறையைக் கம்பெனியின் ஃபிராங்க்ளின் உருவாக்கினார். 1927-இல் பூனாவுக்கு அருகில் அமைந்த நிலையங்கள் வழியாக இந்தியாவும் இங்கிலாந்தும் அம்முறையால் இணைந்தன. கடலடிக் கம்பிக் கம்பெனிகள் இதனோடு போட்டியிட இயலாமல் தவித்தன. 1929-இல் இரு தரப்பையும் இணைத்துவிட்டனர்.

தொலைக்காட்சியின் கதையும் இங்கே உண்டு. 1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்டிரா மாளிகையில் பி.பி.சி.யின் சேவை தொடங்கியபோது இரண்டு முறைகள் மாறி மாறிக் களமிறங்கின. பெயர்டின் முறையில் படம் 240 கோடுகள், மார்க்கோனி-இ.எம்.ஐ. முறையில் 405 கோடுகள். சில மாதங்களில் பெயர்டின் முறை கைவிடப்பட்டது. வென்ற கேமரா இ.எம்.ஐ.யினுடையது, அலைபரப்பியும் ஏரியலும் மார்க்கோனியினுடையவை. இந்தப் பங்கீட்டை மறந்து முழுப் புகழையும் ஒருவருக்கே தருவது முறையன்று. அடுத்த ஆண்டு ஜூலையில் மார்க்கோனி மறைந்தபோது உலகின் பல வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

போர் மூண்டதும் 1939 செப்டம்பர் 1 அன்று தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. அலைபரப்பி ஓய்ந்திருக்கவில்லை. ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் தம் தொலைவை அறிய ஒரு வானொலிக் குறிப்பைத் திருப்பி அனுப்பும். அதன் அலைவரிசை இக்கருவிக்கு எட்டக்கூடியதாக இருந்தது. 1941-இல் அக்குறிப்பை வாங்கி மீண்டும் இங்கிருந்தே வீச, விமானிகள் கணக்குத் தவறிக் குழம்பினர். ஆனால் அவ்வாண்டு மே மாதம் நியூ தெருத் தொழிற்சாலையின்மீது குண்டு விழுந்து 17 தொழிலாளர் மாண்டனர்.

பின்னைய வரலாறு பெரும்பாலும் கை மாறிய வரலாறே. 1946-இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் வாங்கியது. 1968-இல் அது ஜி.இ.சி.யோடு இணைந்தது. 1999-இல் ஜி.இ.சி. தன் பாதுகாப்புக் கருவித் தொழிலை விற்றுவிட்டு, மார்க்கோனி என்ற பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டு, அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கம்பெனிகளைப் பெரும் விலைக்கு வாங்கியது. பெயர் பழையது, செய்யத் துணிந்ததோ பங்குச் சந்தையின் வேகத்தில் ஓடும் புதுத் தொழில். 2000-இல் 12 பவுனுக்கு மேல் விற்ற பங்கு, இரண்டே ஆண்டுகளில் சில பென்னிகளுக்கு இறங்கியது. கம்பெனியை நம்பிப் பங்கு வாங்கிய ஊழியர் பலரின் சேமிப்பும் அதோடு போயிற்று. 2005-இல் பெரும்பகுதியை சுவீடனின் எரிக்சன் வாங்கிக்கொண்டது. நியூ தெருத் தொழிற்சாலை 2008-இல் மூடப்பட்டது. இடித்த இடத்தில் வீடுகள் எழுந்தன. முகப்புக் கட்டடத்தை விட்டுவைத்தனர். எக்கர்ஸ்லி பாடிய அந்த ரிட்டில் மரக்குடிசை செம்ஸ்ஃபோர்டின் சாண்ட்ஃபோர்டு மில் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டது.