திருச்சிக்குப் படிக்கச் செல்வோம்



நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்காமார் பலர் ஆண்டுதோறும் திருச்சிக்குச் சென்று கல்லூரியில் சேர்கிறார்கள். இன்னும் இரண்டு ஆண்டுகளில் பத்தாம் வகுப்பினராகிய நாமும் செல்வோம். ஆனால், சென்றவர்களில் ஒருசிலர் முதல் மாதத்திலேயே பெட்டியோடு ஊர் திரும்பிவிடுவதும் உண்டு. அவர்கள் பாடத்திற்கு அஞ்சித் திரும்பியவர்கள் அல்லர். சின்னஞ்சிறு காரியங்கள் தெரியாமல் திகைத்து, மனம் தளர்ந்தவர்கள். ஒருத்தி திரும்பி வந்தால் அவள் தங்கைக்கும், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் கதவு மூடிக்கொள்கிறது. ஆகவே, விடுமுறைக்கு வந்த அக்காமாரிடம் எங்கள் வகுப்பினர் கேட்டறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஊரை அறிதல்

திருச்சி கல்லூரிகள் நிறைந்த நகரம். தூய வளனார் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்று, 1883-இல் திருச்சிக்கு மாறியது. பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி 1923-இல் தோன்றியது. ஜமால் முகமது கல்லூரியும் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியும் 1951-இல் பிறந்தவை. இவை எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. எனவே கல்லூரியின் பெயரோடு அது எந்தப் பகுதியில் உள்ளது, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

"பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன்" என்று சொன்னால் போதாது. மலைக்கோட்டைக்கு அருகில் சத்திரம் பேருந்து நிலையம். ரயில் சந்திப்புக்கு அருகில் மத்தியப் பேருந்து நிலையம். 2025-இல் பஞ்சப்பூரில் திறக்கப்பட்ட புதிய முனையம் என மூன்று உள்ளன. ரயில் நிலையங்களிலும் சந்திப்பு, கோட்டை, டவுன் என்று வேறுபாடு உண்டு. தூய வளனார், ஹோலி கிராஸ் கல்லூரிகளுக்குச் சத்திரமே பக்கம். முதன்முறை செல்லும்போது பகலிலேயே போய்ச் சேருவது நல்லது.

அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் 2021-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. தனியார் பேருந்துகளில் கட்டணம் கொடுக்க வேண்டும். ஏறுமுன் எந்தப் பேருந்து என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்களும் விடுதியும்

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதி, வருமானச் சான்றிதழ்கள், ஆதார் அட்டை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல்கள் எடுத்து, ஒரு தொகுதியை வீட்டிலேயே வையுங்கள். நம் குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். கல்லூரியில் எந்த அசலைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.

கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் தனியார் விடுதியைத் தேட நேரும். பெண்கள் விடுதிகளுக்கு உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014-இல் சட்டம் வந்துள்ளது. "உரிமம் இருக்கிறதா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். கழிவறை, குடிநீர், கதவின் தாழ்ப்பாள், வாடகையோடு சாப்பாடும் சேர்ந்ததா, முன்பணம் திரும்ப வருமா என்பவற்றை அப்பா அம்மாவுடன் நேரில் பார்த்துக் கேட்டபின்பே பணம் கட்ட வேண்டும். வாளி, பூட்டு, போர்வை, காய்ச்சல் மாத்திரை, ஊசி நூல் ஆகியவை பெட்டியில் இருக்கட்டும்.

பணம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பெரியோர் வாக்கு. முதல் வாரத்திலேயே கையிருப்பு கரைந்துவிடுவதாக அக்காமார் பலர் சொன்னார்கள். புது ஊரின் கடைத்தெரு அப்படி! மாதப் பணத்தில் விடுதிக் கட்டணம் போக மீதியை நான்கு உறைகளில் பிரித்து, வாரத்திற்கு ஒன்றாக எடுங்கள். ஐந்தாவது உறையில் ஊர் திரும்பும் பேருந்துக் கட்டணத்தை வைத்து, அதை மட்டும் தொடவே கூடாது. கைபேசி வழியே பணம் செலுத்துவோர் ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது; ஏமாற்றப்பட்டால் உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளி மாணவியருக்காக 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது. நம் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் விண்ணப்பிக்க எளிது. அந்தக் கணக்கை இப்போதே தொடங்கலாமே!

அச்சமும் துணிவும்

கேலி செய்து துன்புறுத்தும் ராகிங் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997 முதல் சட்டம் உள்ளது. இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பொறுத்துக்கொண்டு அழ வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ அன்றே சொல்ல வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, அவசர எண் 112 ஆகிய இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்வோம். கைபேசி தொலைந்தாலும் மனப்பாடம் தொலையாது.

வீட்டு நினைவு வருவது இயல்பு. முதல் மூன்று வாரங்கள்தான் கடினம் என்று அக்காமார் ஒரே குரலில் கூறினார்கள். அந்நாட்களில் அறையில் தனித்திருக்காமல், நூலகத்திற்கோ, ஞாயிறு திருப்பலிக்கோ, விளையாட்டுத் திடலுக்கோ தோழி ஒருத்தியுடன் போங்கள். வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

அன்புப் பெற்றோரே, எங்கள் மேல் உள்ள பாசத்தால்தான் நீங்கள் அஞ்சுகிறீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். வங்கிக்கும், தபால் நிலையத்திற்கும், பேருந்து நிலையத்திற்கும் இப்போதே எங்களை அழைத்துச் சென்று, படிவங்களை எங்கள் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். பிற்பாடு நாங்கள் ஏதேனும் துன்பத்தைச் சொன்னால், "படித்தது போதும், வந்துவிடு" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்வீர்களோ என்று பயந்துதான் பல அக்காமார் தம் துன்பத்தை வீட்டில் மறைத்திருக்கிறார்கள். "என்ன செய்யலாம், சேர்ந்து யோசிப்போம்" என்று நீங்கள் சொன்னால் எதையும் மறைக்கத் தோன்றாது.

தோழியரே, இவற்றைக் கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகள் நம் கையில் உள்ளன. படிக்கச் செல்லும் நாம் பட்டத்தோடு திரும்புவோம். நமக்குப் பின்வரும் தங்கைகளுக்குக் கதவைத் திறந்து வைப்போம். இறைவன் நம் வழித்துணையாக இருப்பாராக!