நீரில் எழுதிய வழி

நுழையும்முன்

நிலத்தில் நடந்தவரின் சுவடு சில நாளேனும் நிற்கும். நீரில் சென்றவரின் சுவடோ துடுப்பை எடுத்த கணமே மறைந்துவிடும். நானூறு ஆண்டுகளுக்கு முன் படகில் சென்ற ஒருவரின் வழியை இன்று எவ்வாறு மீட்பது? மீட்டபின், அவ்வழியில் ஓடும் நீர் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? இவ்வினாக்களைத் தென்பெண்ணைக் கரையில் நின்று எழுப்புகிறது இப்பாடம்.

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் செசபீக் என்னும் பெரிய விரிகுடா உள்ளது. அதன் தென்பகுதியில் கலக்கும் ஆறொன்றின் கரையில், ஜேம்ஸ்டவுன் என்னுமிடத்தில், 1607ஆம் ஆண்டு ஆங்கிலேயர் குடியேறினர். மறு ஆண்டுக் கோடையில் அவர்களுள் ஒருவரான ஜான் ஸ்மித், ஏறத்தாழ 30 அடி நீளமுள்ள திறந்த படகொன்றில், பன்னிரண்டு முதல் பதினான்கு துணைவருடன் இருமுறை புறப்பட்டு, விரிகுடாவையும் அதில் கலக்கும் ஆறுகளையும் சுற்றிவந்தார். பொன் கிடைக்குமா, மேற்கிலுள்ள பெருங்கடலுக்கு நீர்வழி உண்டா என அறிவதே நோக்கம். இரண்டும் கிடைக்கவில்லை. எஞ்சியவை அவருடைய பயணக் குறிப்புகளும் ஒரு நிலப்படமுமே.

அக்குறிப்புகள் சுவை மிக்கவை. மீன்கள் நீருக்குமேல் தலைநீட்டும் அளவுக்கு நெருங்கி மொய்த்தனவாம். வலையில்லாத அக்குழுவினர் வறுக்கும் சட்டியைக் கொண்டே அவற்றை அள்ள முயன்றனராம். சட்டி அதற்கு உதவவில்லை என்பதையும் ஸ்மித் மறைக்காமல் எழுதியுள்ளார். மற்றொரு நாள் அவர் வாளால் மீன் குத்தியபோது, திருக்கை ஒன்று தன் முள்ளை அவர் கையில் பாய்ச்சியது. கையும் தோளும் வீங்கின; பிழைக்கமாட்டார் என எண்ணிய தோழர்கள் புதைகுழியே வெட்டிவிட்டனர். மாலைக்குள் தேறிய ஸ்மித், அத்திருக்கையையே இரவு உணவாக உண்டார். திருக்கை முனை எனப் பொருள்படும் பெயரால் அவ்விடம் இன்றும் வழங்குகிறது.

இவற்றினும் மதிக்கத்தக்கது அவருடைய நிலப்படம். 1612இல் வெளியான அதில், ஆறுகளின்மேல் ஆங்காங்கே சிறு சிலுவைக் குறிகள் உள்ளன. குறி உள்ள இடம்வரை அவரும் துணைவரும் நேரில் கண்டவை. அதற்கு அப்பாலுள்ளவை அம்மண்ணின் மக்கள் சொல்லக் கேட்டவை. கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்டிய இந்நேர்மையே, பின்னாளில் அவர் சென்ற வழியை ஆறு ஆறாகத் தேடிக் கண்டறிய உதவியது. அம்மக்களின் 200க்கும் மேற்பட்ட ஊர்களையும் அப்படம் பதிவுசெய்துள்ளது. ஸ்மித் 'கண்டுபிடித்த' நீர்வழிகளில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படகு செலுத்தி வந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. தடத்திற்கு வந்தவரின் பெயர் சூட்டப்பட்டது. வழி சொன்னவர்களின் பெயர்களுள் பல மறைந்துபோயின.

2006ஆம் ஆண்டு டிசம்பரில் அவ்வழி, தேசிய வரலாற்று நீர்வழித்தடமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. முழுவதும் நீரிலேயே அமைந்த முதல் தேசிய வரலாற்றுத் தடம் அதுவே. மறு ஆண்டு, பழைய படகைப்போல் ஒன்றைக் கட்டி, பன்னிருவர் 121 நாள் அவ்வழியே சென்றனர். ஆற்றில் மைல்கல் நட இயலாது. ஆதலால் படகு இறக்கும் துறைகளைச் சீர்செய்தல், வழிகாட்டிப் படங்களை அச்சிடுதல், பழைய ஊர்களின் இருப்பிடங்களைக் காத்தல் என்பனவே அங்கு நிகழும் பணிகள். அவற்றுள் புதுமையானவை மிதவைகள். நீரின் வெப்பம், உவர்ப்பு, காற்றின் வேகம் ஆகியவற்றை அளந்து அறிவிக்கும் அம்மிதவைகளைத் தொலைபேசியில் அழைத்து, அவ்விடத்தின் வரலாற்றையும் கேட்க வழிசெய்யப்பட்டது.

இந்தியாவிலும் பழைய வழியொன்று அண்மையில் மீண்டும் பயணிக்கப்பட்டது. அசந்தா ஓவியத்திலுள்ள கப்பலைக் கொண்டு, ஆணி அறையாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட 'கௌண்டின்யா' என்னும் பாய்மரக்கப்பல், 2025 மே மாதம் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டை நோக்கிப் புறப்பட்டது. அரிய முயற்சிதான், ஆயினும் ஒரு கப்பலின் பயணத்தோடு அது நிறைவுறும். ஆற்றுத்தடமோ கரையிலுள்ள ஊர்களைக் கோத்து நிற்பது.

தென்பெண்ணைக்கு அத்தகைய தடம் அமையுமா? நந்தி மலைப்பகுதியில் தோன்றும் அவ்வாறு, ஓசூர் அருகே தமிழ்நாட்டில் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. திருக்கோவிலூரில் ஆற்றிடையே உள்ள பாறை, கபிலர் உயிர்துறந்த இடமாகப் போற்றப்படுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டமோ நடுகற்கள் நிறைந்தது. அங்குள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டுள்ளது. எனவே வரலாற்றுக்குக் குறைவில்லை. ஆண்டு முழுவதும் படகு செல்ல நீர் இராது, அணைகளும் குறுக்கிடும். பாதி நடையும் பாதி பரிசலுமாக அமைந்தால் போதும். பரிசல் செலுத்துவோர் அண்டையிலுள்ள ஒகேனக்கல்லில் இன்றும் உள்ளனர்.

தடை வேறிடத்தில் உள்ளது. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீர், கழிவைச் சுமந்து இவ்வாற்றை அடைகிறது. சலவைப் பொருள்களின் எச்சம் கலந்த நீர் மதகிலிருந்து விழும்போது காற்றை உள்ளிழுத்து நுரைக்கிறது. கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே அந்நுரை சிலவேளை தரைப்பாலத்தையே மூடிவிடுகிறது. எல்லைக்கு அப்பால் விரல் நீட்டுதல் எளிது. ஆனால் ஓசூரும் தொழிற்பேட்டைகளால் நாள்தோறும் வளரும் நகரமே. அதன் கழிவுநீரும் எங்கேனும் சென்றுசேரத்தான் வேண்டும்.

செசபீக்கிலும் இதே சிக்கல் இருந்தது. விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் பல மாநிலங்களின் கழிவைக் கொணர்ந்தன. மேரிலாந்து, வர்ஜீனியா, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் நடுவண் அரசும் 1983இல் ஒன்றுகூடி, நீரை மீட்க உடன்படிக்கை செய்தன. தடம் அறிவிக்கப்பட்டது அதற்கு 23 ஆண்டுகளுக்குப் பின்னரே. இன்றும் அங்கு நீர் முற்றிலும் தூயதாகிவிடவில்லை. ஸ்மித்தின் சட்டிக்கதை அங்குள்ள ஆய்வாளர்க்கு வெறும் வேடிக்கையன்று. அந்நீர் ஒருகாலத்தில் எவ்வளவு வளத்தோடு இருந்தது என்பதற்கு அது சான்று. தென்பெண்ணையில் முன்பு எந்தெந்த மீன்கள் கிடைத்தன, எந்தத் துறையில் நீர் மொண்டு குடித்தனர் என்பனவற்றை அறிந்த முதியோர் கரையோர ஊர்களில் உள்ளனர். அவர்கள் சொல்வதை எழுதிவைக்கும் குறிப்பேடு இனித்தான் தொடங்கப்பட வேண்டும்.

கற்பவை கற்றபின்

ஆசிரியரின் துணையுடன், உங்கள் ஊரின் ஆறு அல்லது ஏரியின் கரையோரம் நடந்து படம் வரைக. நேரில் கண்டவற்றுக்கு ஒரு குறியும், முதியோர் சொல்லக் கேட்டவற்றுக்கு வேறொரு குறியும் இடுக. நீரின் நிறம், மணம், நுரை ஆகியவற்றை நாளும் நேரமும் குறித்து எழுதுக. ஒரு மாதம் கழித்து அவ்விடத்திற்கே மீண்டும் சென்று, மாறியவற்றைப் படத்தில் சேர்க்க.