பிளஸ் ஒன்னில் மீடியம் மாற்றலாமா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் அருப்புக்கோட்டை ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் நெரியும். திருச்சுழி, நரிக்குடி, பரளச்சிப் பக்கத்துப் பெற்றோர் பிள்ளையோடு நிற்பார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்து நானூறுக்கு மேல் எடுத்த பிள்ளை. "இனிமேலாவது இங்கிலீஷ் மீடியத்துல போட்ருவோம் சார்" என்பார்கள். கூடப் படித்தவன் சேர்ந்துவிட்டான், மதுரைச் சித்தப்பா சொல்லிவிட்டார். வேறு காரணம் இருக்காது. மிளகாய் வற்றல் விற்ற காசு தனியார் பள்ளிக் கட்டணமாகப் போய்விடும்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழி, பல பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவு, தனியார் பள்ளி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. சின்ன வகுப்பிலிருந்தே ஆங்கிலவழியில் வந்த பிள்ளை அதிலேயே தொடரட்டும். பிளஸ் ஒன்னில் திடீரென்று மாற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் இரண்டாம் பாடத்திலேயே வெக்டார் வந்துவிடும். கணக்கும் புதிது, மொழியும் புதிது. தனக்குப் புரியாதது பாடமா, மொழியா என்று பிள்ளைக்கே தெரியாது. தெரியாததால் கேள்வி கேட்காது. கேட்காததால் ஆசிரியருக்கும் தெரியாது. பிறகு மனப்பாடம்தான். பத்தாவதில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த பெண் காலாண்டுத் தேர்வுக்குள் வாய் மூடிப்போவதை வருஷம் தவறாமல் பார்க்கிறேன்.

வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் நெசவாளர் பிள்ளைகள் தமிழில் படிக்கவில்லையா என்று கேட்பார்கள். அவர்கள் காதில் தமிழ் தெருவிலும் கடையிலும் குழந்தையிலிருந்தே விழுகிறது. கரிசல்காட்டு ஊர்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் வகுப்பறையில் மட்டும்தான் இருக்கிறது.

மாற்றினால் இழப்பும் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை 2010இல் சட்டமானது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பணிக்குக் குறித்த தகுதி வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி வேண்டும். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளி போனால் அதுவும் கைநழுவும். மேலே படிக்கவும் தமிழில் வழி இருக்கிறது. நீட் தேர்வையே தமிழில் எழுதலாம். அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் 2010இல் தமிழ்வழியில் தொடங்கியது.

நான் தமிழ்வழியில் இயற்பியல் படித்தவன். கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஒரு பருவம் திணறினேன், பிறகு பிடிபட்டது. விசை, முடுக்கம் எல்லாம் முன்பே புரிந்திருந்தன, பெயர்கள்தான் புதியவை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கல்லூரிக்கு ஆங்கிலம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பிளஸ் ஒன்னில் இரண்டு வழிக்கும் பாடம் ஒன்றுதான். தமிழ்வழிப் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தையும் வாங்கி வைத்து, தமிழில் புரிந்துகொண்ட பத்தியை அதில் தேடி வாசிக்கட்டும். தினம் அரைப் பக்கம் போதும்.

ஏற்கெனவே மாறிவிட்ட பிள்ளைகளைக் கைவிட முடியாது. ஆசிரியர்களே, கேள்வியையும் விளக்கத்தையும் தமிழில் சொல்ல விடுங்கள், எழுதுவதை மட்டும் ஆங்கிலத்தில் கேளுங்கள். முதல் சில மாதம் எழுத்துப்பிழைக்காகத் திட்டாதீர்கள். தமிழ்ப் புத்தகத்தை மேசையில் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று முதலில் பாருங்கள். மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிற பையன் பாலிடெக்னிக் போகட்டும், அங்கிருந்து நேரடி இரண்டாம் ஆண்டுப் பொறியியலுக்கும் வழி இருக்கிறது. காலாண்டு மதிப்பெண் குறைந்தால் பதறிப் பள்ளியை மாற்றாதீர்கள், பொறுங்கள். மீடியம் மாற்றியே தீருவேன் என்றால், பணம் கட்டுமுன் ஆங்கில இயற்பியல் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, அதைத் தமிழில் உங்களிடம் விளக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் தமிழ்வழியிலேயே சேர்த்துவிடுங்கள்.