குளியலறையில் விழாதிருக்க

எமது முதியோரும் உடல் வலுக்குறைந்தோரும் குளியலறையில் ஒருமுறை விழுந்துவிட்டால், அந்தப் பயத்தினால் குளிப்பதையும் பின்னர் வெளியே வருவதையும் குறைத்துக்கொள்கின்றனர். அதிக செலவில்லாமல் நாம் செய்யக்கூடியவை இவை:

1. கைபிடி: ரொயிலற்றுக்கும் குளியல் தொட்டிக்கும் அருகே, சுவரில் திருகாணியால் இறுக்கிய கைபிடி வேண்டும். துவாய் போடும் கம்பி உடற்பாரத்தைத் தாங்காது. சுவரில் ஒட்டும் கைபிடியும் திடீரெனக் கழன்றுவிடலாம்.

2. பலகை: தொட்டிக்குக் குறுக்கே வைக்கும் பலகையில் முதலில் அமர்ந்து, பின்னர் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைக்கலாம்.

3. றப்பர் விரிப்பு: எண்ணெய் முழுக்கின் பின் தொட்டியையும் விரிப்பையும் சவர்க்காரமிட்டுக் கழுவவும். எண்ணெய் படிந்த விரிப்பும் வழுக்கும்.

4. சுடுநீர்: முதலில் குளிர்நீரையும் பிறகு சுடுநீரையும் திறக்கவும். சூட்டை முழங்கையால் பார்க்கவும். நீரிழிவினால் கால் உணர்ச்சி குன்றியோர் காலை வைத்துப் பார்க்கக் கூடாது.

5. கதவு: அவசரத்தில் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்தவும்.

இங்கிலாந்தில், 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்ட விதிகளின்படி, தேவை உண்டென மதிப்பிடப்பட்டவருக்கு 1,000 பவுணுக்கு மேற்படாத சிறு மாற்றங்களைக் கவுன்சில் இலவசமாகவே செய்துதர வேண்டும். இது தர்மமல்ல, உரிமை. எனவே கவுன்சிலின் முதியோர், வலுக்குறைந்தோர் பராமரிப்புப் பகுதியுடன் தொடர்புகொண்டு, வீட்டுக்கு வந்து பார்வையிடும்படி கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோருக்காகப் பிள்ளைகள் இந்த வாரமே தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது.