மடையான் கறி வாங்கலாமா?

கேள்வி: சாலையோரத்தில் மடையான், கொக்கு ஆகியவற்றின் காலைக் கட்டி விற்கிறார்கள். கோழி வாங்குவது போலத்தானே இதுவும்? – ஒரு வாசகர், குறிஞ்சிப்பாடி.

பதில்: இல்லை. கோழி வளர்ப்புப் பறவை, மடையான் காட்டுயிர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி மடையானும் கொக்கும் இரண்டாம் அட்டவணையில் வருகின்றன. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைத்துப் பிடிப்பதும், கூட்டைக் கலைப்பதும், முட்டையை எடுப்பதும் வேட்டைதான். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பறவை அல்லாத உடும்போ இன்னும் கடுமையான முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடித்தால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை.

விற்பவர் மட்டும் மாட்டுவார் என்று நினைக்காதீர்கள். வாங்குவதும் குற்றம். சில இடங்களில் பூச்சிமருந்து கலந்த தானியத்தைத் தூவியும் பறவைகளைப் பிடிக்கிறார்கள். அந்தக் கறியைக் குழந்தைகளுக்குப் பரிமாறுவதை நினைத்தாலே எனக்கு நடுங்குகிறது.

உங்கள் பகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நெய்வேலிச் சுரங்கங்களில் இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடித்தான் பறவைகள் வருகின்றன; அவற்றைத் தேடித்தான் கண்ணியும் வருகிறது. பிடிப்பவர் பெரும்பாலும் ஏழை. வாங்க ஆள் இருப்பதால்தான் அவர் கண்ணி வைக்கிறார், ஆகவே என் கோபம் முதலில் வண்டியை நிறுத்தி வாங்குபவர் மீதுதான்.

இப்படிப் பிடிப்பதையோ விற்பதையோ பார்த்தால் கடலூர் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். காவல் நிலையத்திலும் சொல்லலாம். உதவி ஆய்வாளர் நிலையிலிருந்து மேலுள்ள காவல் அதிகாரிகளுக்கும் சோதனையிட்டுப் பறிமுதல் செய்யும் அதிகாரம் உண்டு.